பாலேவாடியில் நான் பார்க்காத பந்தயம்

காலாண்டுக் கணக்கு முடிப்பு, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்த ஆடிட், நடுவில் ஊரில் ஒரு கல்யாணம் என்று இந்தப் பக்கம் தலைகாட்டி மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. மன்னிக்கவும். மாட்டுங்கா மார்க்கெட் பூக்கடைகளின் கதையை இரண்டாம் பாகமாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த முறை. இந்த முறை வேறு ஒன்று மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறது. எழுதித் தீர்த்தால்தான் ஆகும்.

விஷயம் என் பெண்ணிடமிருந்து தொடங்குகிறது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கொஞ்ச நாளாக ஓட்டப் பைத்தியம். காலை ஐந்தரைக்கு நான் நடக்க, அவள் ஓட, ஃபைவ் கார்டன்ஸைச் சுற்றி வருவோம். பள்ளிகளுக்கு இடையிலான போட்டி ஒன்றில் 800 மீட்டர் ஓடினாள். நானும் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்திருந்தேன். கடைசி வளைவில் இரண்டு பேரைத் தாண்டி இரண்டாவதாக வந்தாள். தோளெல்லாம் அவள் தாத்தா மாதிரி, அகலம். முடியைப் போன கோடையில் ஒட்ட வெட்டிக்கொண்டுவிட்டாள் (வீட்டில் ஒரு வாரம் சண்டை, அது தனிக்கதை). எனக்குப் பின் வரிசையில் ஒரு அம்மா மராத்தியில், "ஹீ முல்கி ஆஹே கீ முல்கா?" என்றார். பெண்ணா பையனா என்று. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட எண்ணமெல்லாம் இருந்திருக்காது. ஒரு தமாஷ்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை என்பதே சரி. ஏனென்றால் அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. ஒருமுறை நானே சிரித்தது.

2006 டிசம்பர். நான் வங்கியில் சேர்ந்து இரண்டாவது வருடம், மும்பைக்கு மாற்றலாகவில்லை, தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சின்னக் கிளை. எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம் என்பது இங்கே தொடர்ந்து வருகிறவர்களுக்குத் தெரியும். அந்த டிசம்பரில் கத்தார் நாட்டின் தோஹாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. பெண்கள் 800 மீட்டரில் பஹ்ரைனுக்காக ஓடிய மரியம் யூசுஃப் ஜமால் முதலில் வர, 2 நிமிடம் 3.16 வினாடியில் இரண்டாவதாக வந்தார் சாந்தி சௌந்தரராஜன். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. அப்பா அம்மா செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள். அதற்கு முந்தைய வருடம் கொரியாவின் இன்சியானில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியிலும் அதே 800 மீட்டரில் வெள்ளி வாங்கியவர். நேற்று முளைத்தவர் இல்லை.

கிளைக்கு எதிரே இருந்த டீக்கடையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, "எங்க ஊர்ப் பொண்ணு" என்று நான் அடித்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. கத்தக்குறிச்சிக்கு நான் அதுவரை போனதுகூடக் கிடையாது. இருந்தாலும் மாவட்டம் ஒன்றுதானே!

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அதே டீக்கடையில் அதே டிவியில் இன்னொரு செய்தி ஓடியது. பாலினப் பரிசோதனையில் சாந்தி தேறவில்லை, பதக்கம் பறிபோகிறது என்று. கடையில் ஒருவர் ஒரு தமாஷ் சொன்னார். என்ன தமாஷ் என்று இங்கே எழுத மாட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். "எங்க ஊர்ப் பொண்ணு" என்று சொன்ன நானும் சிரித்தேன். பத்து நாள் பெருமைக்கு இப்போது கேலி செய்வார்களே என்ற பயத்தில், மற்றவர்களைவிடக் கொஞ்சம் உரக்கவே சிரித்தேன் என்று ஞாபகம்.

இந்தப் பதிவில் அவருடைய உடம்பைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. அது அவருடைய சொந்த விஷயம், அதை ஊருக்கெல்லாம் சொன்னதுதான் முதல் தப்பே. நான் பேச நினைப்பது நடைமுறையைப் பற்றி. பி.காம் படித்துவிட்டு இருபது வருடமாக ஃபைல் தள்ளுகிறவனுக்குத் தெரிந்தது அதுதான்.

800 மீட்டர் என்பது கேட்கும்போது சின்ன விஷயம் மாதிரி இருக்கும். 400 மீட்டர் தடத்தில் இரண்டு சுற்று. முதல் வளைவு முழுக்க, அதாவது முதல் 100 மீட்டருக்கு, ஓடுகிறவர்கள் அவரவர் லேனிலேயே ஓட வேண்டும். அதன் பிறகு தரையில் ஒரு கோடு இருக்கும். அதைத் தாண்டியபின் எல்லாரும் உள்பக்கம் சரிந்து வரலாம். அங்கே முழங்கை இடி, கால் மிதி எல்லாம் நடக்கும். முதல் சுற்றில் வேகமாகப் போனால் இரண்டாவது சுற்றில் கால் கல்லாகிவிடும். மெதுவாகப் போனால் கடைசியில் பிடிக்க முடியாது. என் பெண் சொல்வது: "அறுநூறு மீட்டர்ல அழுகை வரும்ப்பா, அப்புறம் எரநூறு மீட்டர் அழுதுக்கிட்டே ஓடணும்."

பெண்களுக்கு இந்த ஓட்டம் முதலில் ஒலிம்பிக்கில் வந்தது 1928, ஆம்ஸ்டர்டாம். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 வினாடியில் உலக சாதனையோடு ஜெயித்தார். இரண்டாவதாக வந்தவர் ஜப்பானின் கினுவே ஹிதோமி. இந்தப் பெண்ணின் கதை தனியாக ஒரு பதிவுக்குத் தாங்கும். 100 மீட்டரில் அரையிறுதியோடு வெளியேறியவர், அதற்குமுன் போட்டியில் ஓடியே இராத 800 மீட்டரில் இறங்கி வெள்ளி வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் ஜப்பானியப் பெண். சரியாக மூன்று வருடம் கழித்து, அந்தப் பந்தயம் நடந்த அதே ஆகஸ்ட் 2ஆம் தேதி, 24 வயதில் நிமோனியாவில் இறந்துபோனார்.

அந்த ஓட்டத்தில் இறுதிச் சுற்றில் ஓடியது 9 பேர். 9 பேரும் ஓடி முடித்தார்கள். முடித்ததும் சிலர் புல்லில் சாய்ந்தார்கள். 800 மீட்டர் ஓடிய ஆணும் சாயத்தான் செய்வான். ஆனால் மறுநாள் பத்திரிகைகளைப் பார்த்தால் போர்க்களம். ஒரு அமெரிக்க நிருபர் 11 பேர் ஓடியதாகவும் அதில் 5 பேர் பாதியிலேயே விழுந்துவிட்டதாகவும் எழுதினார். ஓடாத இரண்டு பேரை எங்கிருந்து பிடித்தார் என்று தெரியவில்லை. பெண்களின் உடம்புக்கு இது ஆகாது என்று முடிவு கட்டினார்கள். 32 வருடம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் கிடையாது. 1960இல் ரோமில்தான் திரும்ப வந்தது. அங்கே சோவியத் யூனியனின் லியுத்மிலா ஷெவ்த்சோவா ஜெயித்த நேரம் 2 நிமிடம் 4.3 வினாடி. இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கவனித்தீர்களா? 1928இல் பெண்கள் ஓடியதும் "ஐயோ, இவர்களால் முடியாது" என்றார்கள். முடிகிறது என்று தெரிந்ததும், நன்றாக ஓடுகிறவர்களைப் பார்த்து "இவர்கள் பெண்கள்தானா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். 1966இல் புடாபெஸ்ட் ஐரோப்பியப் போட்டியில் வீராங்கனைகளைத் துணியில்லாமல் டாக்டர்கள் முன்னால் நடக்க வைத்தார்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கிலிருந்து கன்னத்தின் உள்பக்கம் சுரண்டி குரோமோசோம் பார்த்தார்கள். 1985இல் ஸ்பெயினின் தடை ஓட்டக்காரி மரியா ஹோசே மார்த்தினேஸ் பத்தீன்யோ ஜப்பானின் கோபே நகரில் இந்தப் பரிசோதனையில் சிக்கினார். அவர் சும்மா விடவில்லை, மூன்று வருடம் போராடி 1988இல் தகுதியைத் திரும்ப வாங்கினார். 1996 அட்லாண்டாவில் பரிசோதனையில் "தேறாத" 8 பெண்கள் இருந்தார்கள், 8 பேரையும் ஓடலாம் என்று விட்டுவிட்டார்கள். இதற்கு மேல் இந்தப் பரிசோதனையில் அர்த்தமில்லை என்று 1999இல் ஒலிம்பிக் கமிட்டியே கைவிட்டது.

ஆக, சாந்தி தோஹாவில் ஓடிய 2006இல் எல்லாருக்கும் பரிசோதனை என்ற விதியே கிடையாது. யாராவது சந்தேகம் கிளப்பினால், அந்த ஒருவருக்கு மட்டும். டாக்டர்களும் மனநல நிபுணரும் அடங்கிய குழு பார்க்க வேண்டும் என்று உலகத் தடகளச் சங்கம் எழுதி வைத்திருந்தது. எழுதி வைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. தனக்கு என்ன பரிசோதனை செய்கிறார்கள் என்று யாரும் விளக்கவில்லை என்று பின்னாளில் பேட்டிகளில் சாந்தி சொன்னார். ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மீதியை டிவி சொன்னது.

இங்கே ஷைனியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஷைனி ஆபிரகாம், கல்யாணத்துக்குப் பிறகு ஷைனி வில்சன். கேரளத்துக்காரர், பின்னாளில் சென்னைவாசி ஆனவர். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் அரையிறுதிக்குப் போனார். அதுவரை எந்த இந்தியப் பெண்ணும் ஒலிம்பிக்கில் அவ்வளவு தூரம் போனதில்லை. 1995இல் சென்னையில் நடந்த தெற்காசியப் போட்டியில் 1 நிமிடம் 59.85 வினாடி ஓடினார். அந்த சாதனையை 2010இல்தான் டின்டு லூக்கா உடைத்தார்.

அந்த ஷைனி 1986 சியோல் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் எல்லாருக்கும் முன்னால் ஓடி வந்தார். ஆனால் தங்கம் கிடைக்கவில்லை. மேலே சொன்னேனே, லேனை விட்டு உள்ளே வரும் இடம், அதில் முன்னதாகவே உள்ளே வந்துவிட்டார் என்று தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். தங்கம் தென்கொரியாவின் லிம் சுன் ஏவுக்குப் போனது. அந்தக் காலத்து ஆட்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார்கள்.

ஆனால் பாருங்கள், அதில் ஒரு நியாயம் இருக்கிறது. கோடு தரையில் இருந்தது. விதி எல்லாருக்கும் ஒன்று, முன்கூட்டியே தெரிந்தது. எங்கே தப்பு, எந்த இடத்தில் தப்பு என்று விரலை வைத்துக் காட்ட முடியும். ஷைனி அழுதிருக்கலாம், ஆனால் தான் யார் என்ற கேள்வியோடு அவர் ஊர் திரும்பவில்லை. அடுத்த போட்டியில் போய் ஓடினார். சாந்திக்கு அப்படி ஒரு கோடு தரையில் இல்லை. இன்னது செய்தாய் என்று சொல்ல அவர் எதுவும் செய்யவும் இல்லை.

இன்னொரு உதாரணம். 2019இல் அதே தோஹா, அதே 800 மீட்டர், மறுபடியும் ஒரு தமிழ்ப் பெண். திருச்சி முடிகண்டம் கோமதி மாரிமுத்து, ஆசியத் தடகளப் போட்டியில் 2 நிமிடம் 2.70 வினாடியில் தங்கம். எங்கள் மாட்டுங்கா வாட்ஸ்அப் குழு மூன்று நாள் தூங்கவில்லை. பிறகு ஊக்க மருந்துப் பரிசோதனையில் சிக்கினார். 2020இல் நான்கு வருடத் தடை, தங்கமும் போனது. வருத்தம்தான். ஆனால் அங்கேயும் ஒரு ஒழுங்கு இருந்தது. ஒரே சிறுநீர் இரண்டு குப்பியில். முதல் குப்பியில் குற்றம் வந்தால் இரண்டாவதைச் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். விசாரணை உண்டு, வக்கீல் வைத்துக்கொள்ளலாம், மேல்முறையீடு உண்டு. மருந்து எடுத்தார் என்று குற்றம் சாட்டப்பட்டவருக்கு இத்தனை வாசல். எதுவும் எடுக்காத, பிறந்தபடி ஓடிய சாந்திக்கு ஒரு வாசல்கூட இல்லை. பொறுமையாக யோசித்தால் இது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

சரி, பாலேவாடிக்கு வருகிறேன்.

2007இல் எனக்கு மும்பை மாற்றல். மறு வருடம் அக்டோபரில் இரண்டு வாரப் பயிற்சிக்குப் புனே அனுப்பினார்கள். ஊரெங்கும் ஜிகர் என்ற புலிக்குட்டியின் படம். மூன்றாவது காமன்வெல்த் இளைஞர் விளையாட்டுப் போட்டி, 2008 அக்டோபர் 12 முதல் 18 வரை. எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து பதினெட்டு வயதை எட்டாத பிள்ளைகள். தடகளம் பாலேவாடி சத்ரபதி சிவாஜி விளையாட்டு வளாகத்தில். 1994 தேசிய விளையாட்டுக்காகக் கட்டியது அது. புனேயிலிருந்து மும்பைக்கு வருகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில் இருக்கிறது. பதக்கப் பட்டியலில் இந்தியாதான் முதலிடம். பயிற்சிக்கு வந்திருந்த இரண்டு பேர், "சாயங்காலம் போய்ப் பார்க்கலாம், வர்றீங்களா?" என்று என்னையும் கூப்பிட்டார்கள். எனக்கு வார இறுதிக்குள் மாட்டுங்கா வந்தாக வேண்டும், வாடகை வீடு மாறுகிற நேரம், அட்வான்ஸ் விவகாரம். தாதர் போகும் ஷிவ்நேரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பாலேவாடிப் பக்கம் வந்தபோது புலிக்குட்டி பேனரைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குள் தூங்கியும் போனேன்.

அந்தப் போட்டியில் பெண்கள் 800 மீட்டரில் தங்கம் வாங்கியவர் தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த 17 வயதுப் பெண். நேரம் 2 நிமிடம் 4.23 வினாடி. ரோமில் ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தந்த நேரத்தை ஒட்டிய நேரம். பெயர் காஸ்டர் செமென்யா.

அந்த வருடம் ஜூலையில் உலக ஜூனியர் போட்டியில் இறுதிச் சுற்றுக்கே வராதவர். பாலேவாடியில்தான் பெரிய தங்கம் எதையும் முதன்முதலாகத் தொட்டார். அன்றைக்கு யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. 2009 ஜூலையில் மொரீஷியஸில் ஆப்பிரிக்க ஜூனியர் போட்டியில் 1 நிமிடம் 56.72 வினாடி. ஒன்பது மாதத்தில் ஏழரை வினாடி குறைந்தால் எந்த மேசையிலும் மணி அடிக்கும். அதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். சேமிப்புக் கணக்கில் திடீரென்று பெரிய தொகை வந்தால் எங்கள் கம்ப்யூட்டரும் எச்சரிக்கை கொடுக்கத்தான் செய்கிறது. ஆனால் எச்சரிக்கை வந்த கணக்கின் பெயரை வெளியே ஒரு ஆளிடம் சொன்னாலும் என் வேலை போய்விடும். அவர்கள் என்ன செய்தார்கள்? ஆகஸ்ட் 19, பெர்லின் உலகத் தடகளப் போட்டி, பெண்கள் 800 மீட்டர் இறுதி. பந்தயத்துக்குச் சில மணி நேரம் முன்னால் செய்தி கசிகிறது. செமென்யாவுக்குப் பாலினப் பரிசோதனை கேட்டிருப்பது உண்மைதான் என்று சங்கமே ஒப்புக்கொள்கிறது. 18 வயதுப் பெண், உலகமே தன் உடம்பைப் பற்றிப் பேசுவது தெரிந்து, தடத்துக்கு வந்து, 1 நிமிடம் 55.45 வினாடியில் இரண்டு வினாடிக்கும் மேலான இடைவெளியில் ஜெயித்தார்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். செமென்யா ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் இறங்கியபோது ஆயிரக்கணக்கில் ஜனம் ஆடிப்பாடி வரவேற்றது. எங்கள் பெண் எங்கள் பெண்தான் என்று அரசாங்கம் கூட நின்றது. (அவர்களுடைய தடகளச் சங்கத் தலைவர் பெர்லினுக்கு முன்பே ரகசியமாகப் பரிசோதனை செய்துவிட்டு, செய்யவில்லை என்று பொய் சொன்னதும் பிறகு வெளியே வந்தது. எல்லா ஊரிலும் இப்படி ஒருவர்.) பதக்கத்தை யாரும் பறிக்கவில்லை. 11 மாதம் ஓட விடவில்லை, 2010 ஜூலையில் திரும்பினார். 2012 லண்டன், 2016 ரியோ, இரண்டிலும் 800 மீட்டர் ஒலிம்பிக் தங்கம் இன்றைக்கு அவர் பெயரில் இருக்கிறது.

அதே சமயத்தில் சாந்தி? தமிழ்நாடு அரசு ஒரு நல்ல காரியம் செய்தது, அதைச் சொல்லியாக வேண்டும். பதக்கம் போன பிறகும் முதல்வர் கருணாநிதி அவரைக் கூப்பிட்டு 15 லட்சம் ரூபாய் கொடுத்தார், ஒரு டிவியும். சாந்தி புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். ஆனால் அவருக்காக இந்தியாவிலிருந்து ஒரு சங்கமும் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகவில்லை. 2012இல் அவர் செங்கல் சூளையில் தினக்கூலிக்குப் போகிறார் என்று பேப்பரில் படம் வந்தது. அப்பா அம்மா வேலை செய்த அதே வேலை. பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பு, 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை. தோஹா பதக்கம் திரும்ப வரவில்லை.

2014இல் ஒடிஷாவின் டூட்டி சந்தை இதே மாதிரி ஓரம் கட்டியபோது கதை மாறியது. சாந்திக்கு நடந்தது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இந்த முறை ஆட்கள் கூட நின்றார்கள், வழக்கு விளையாட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது, 2015 ஜூலையில் அந்த விதியையே நிறுத்தி வைத்தார்கள். அதற்குப் பிறகு 2018இல் புது விதி வந்தது, 400 மீட்டரிலிருந்து ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு மட்டும். அதாவது செமென்யா ஓடுகிற தூரம். 2019இல் தீர்ப்பாயம் அவருக்கு எதிராகச் சொன்னது, விதி பாரபட்சமானதுதான் ஆனால் அவசியமானது என்று. 2023இல் எல்லா ஓட்டங்களுக்கும் விரித்தார்கள். 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், செமென்யாவின் வழக்கைச் சுவிட்சர்லாந்து நீதிமன்றம் சரியாக விசாரிக்கவில்லை என்று சொன்னது. ஓடலாமா கூடாதா என்பதைப் பற்றி அது பேசவில்லை, விசாரித்த விதத்தைப் பற்றித்தான் பேசியது.

இந்த இடத்தில் ஒரு தொழில் விவகாரம். 2023 மார்ச்சில் நம் உச்ச நீதிமன்றம் வங்கிகளுக்கு ஒரு குட்டு வைத்தது. கடன் வாங்கியவரின் கணக்கை "மோசடி" என்று முத்திரை குத்துவதற்கு முன் அவருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்று. 2024 ஜூலையில் ரிசர்வ் வங்கி அதை விதியாகவே போட்டது. பதில் சொல்லக் குறைந்தது 21 நாள் அவகாசம். எங்கள் ஆபீசில் முதலில் எல்லாரும் முணுமுணுத்தோம், நான் உட்பட. கோடிக்கணக்கில் சுருட்டியவனுக்கு எதற்கு மரியாதை என்று. பிறகு ஒரு ஃபைலில் நான் நோட்டீஸ் தயாரித்துக்கொண்டிருந்தபோது சாந்தி ஞாபகம் வந்தது. 21 நாள் வேண்டாம். அவருக்குப் புரிகிற தமிழில் எழுதிய ஒரு தாள், டிவிக்கு முன்னால் அவர் கைக்குப் போயிருந்தால்?

2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தடகளப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட எல்லாருக்கும் ஒரு மரபணுப் பரிசோதனை, வாழ்நாளில் ஒரு முறை. கன்னத்தில் பஞ்சு தேய்த்தோ ரத்தம் எடுத்தோ பார்ப்பார்கள். 1999இல் கைவிட்டது வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது. இதை ஆதரிக்கிற வீராங்கனைகள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதையும் ஒரேயடியாகத் தள்ள முடியாது. எட்டு வருடம் உயிரைக் கொடுத்துப் பயிற்சி எடுத்து நான்காவதாக வருகிறவளுக்கும் ஒரு நியாயம் உண்டு. விஞ்ஞானத்தில் தீர்ப்பு சொல்ல நான் யார்? ஒருவரை மட்டும் கைகாட்டிச் சோதிப்பதைவிட எல்லாருக்கும் ஒன்று என்பது ஒரு விதத்தில் மேல்தான் என்றும் ஒரு மனம் சொல்கிறது. ஆனால் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடப் போகிற அப்பாக்களில் ஒருவேளை நானும் ஒருவனாக இருக்கலாம் என்று நினைக்கும்போது பேனா நடுங்குகிறது. பள்ளி அளவில் ஓடுகிற பெண்ணுக்கு அதெல்லாம் எங்கே வரப்போகிறது என்பது வேறு விஷயம். அப்பாக்கள் அப்படித்தான் யோசிப்பார்கள்.

போட்டி முடிந்த அன்று பெண்ணுக்குக் கிங்ஸ் சர்க்கிளில் தோசை வாங்கிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பின் வரிசைப் பேச்சு அவள் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் கழித்து, ஃபைவ் கார்டன்ஸில் ஒரு சுற்று முடித்துவிட்டு வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, "அப்பா, அன்னிக்கு ஸ்கூல் கிரவுண்ட்ல அந்த ஆன்ட்டி சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சு."

"எனக்கும்."

அப்போதுதான் அவளுக்குச் சாந்தியின் கதையைச் சொன்னேன். செமென்யா அவளுக்கே தெரியும், யூடியூபில் பெர்லின் ஓட்டத்தைப் பத்து தடவை பார்த்திருக்கிறாள். புனேயில் ஓடியது தெரியாது. "நம்ம புனேயா?" என்று இரண்டு தடவை கேட்டாள். சாந்தியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. ஊரில் எந்த இடம், எப்படி ஓடினார், இப்போது யாருக்குச் சொல்லிக் கொடுக்கிறார் என்று கேள்வி மேல் கேள்வி. 2:03.16 என்றதும் ஒரு விசில் அடித்தாள். அவளுடைய நேரம் அதிலிருந்து முப்பது வினாடிக்கு மேல் தள்ளி இருக்கிறது.

"எல்லாரும் சிரிச்சாங்கன்னீங்களே, அப்ப நீங்க என்னப்பா பண்ணீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். "நானும் சிரிச்சேம்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினாள். மேலே மரத்தில் காக்காய்கள் சத்தம் போட ஆரம்பித்திருந்தன, பால் வண்டி ஒன்று போனது. பிறகு எழுந்து, தன் வாட்ச்சைக் கழற்றி என் கையில் கொடுத்து, "இன்னொரு ரவுண்டு போறேன், சரியா டைம் பாருங்க, போன தடவை மாதிரி லேட்டா அமுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

ஏப்ரல் லீவில் ஊருக்குப் போகிறோம். கத்தக்குறிச்சி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து வைக்கச் சொல்லி என் தம்பிக்கு எழுதியிருக்கிறேன்.